கேப்டனின் வாலுக்குக் கீழே

வெலிமிர் விளாஷ்கலின் இருபத்தாறு வருஷம் கால்பந்து நடுவராக இருந்தவர். அந்த இருபத்தாறு வருஷத்தில் ஊதிய விசிலை ஒருமுறைகூட அவர் திரும்பப் பெற்றதில்லை. இதை அவரே சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார். திசா ஆற்றங்கரையில் எந்தக் காப்பிக்கடையில் உட்கார்ந்தாலும் இரண்டாவது மடக்குக் காப்பிக்குள் இந்தச் செய்தி வந்துவிடும். மூன்றாவது மடக்கில் பக்கத்து மேஜைக்காரன் எழுந்து போய்விடுவான்.

தீர்ப்பை மாற்றாமல் இருப்பதும் தீர்ப்பு சரியாக இருப்பதும் ஒன்றல்ல என்பது அவரைத் தவிர ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒருதடவை பந்து பக்கவலையின் ஓட்டை வழியாக உள்ளே போனதற்கு கோல் கொடுத்தார். தோற்றுப்போன ஊர்க்காரர்கள் அவரை உடைமாற்றும் அறையில் வைத்துப் பூட்டி, வலையைக் கழற்றி எடுத்துவந்து ஜன்னல் வழியாக ஓட்டையைக் காட்டினார்கள். "ஓட்டை ஆட்டத்துக்கு அப்புறம் விழுந்தது" என்றார் வெலிமிர்.

முழங்கால் இரண்டும் போனபிறகு ஓய்வு. இப்போது அவருக்கு ஒரே ஒரு ஆசை: ஆட்டக் கண்காணிப்பாளர் பதவி. அது லேசுப்பட்ட வேலை இல்லை. அதாவது வேலையே இல்லை. மைதான ஓரத்தில் தனி மேஜை, தனி நாற்காலி, மழைக்கு ஒரு குடை. நடுவர் செய்யும் தப்புகளை நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். ஆட்டம் முடிந்ததும் உள்ளூர் கிளப் ஆட்டுக்கறி சுட்டுப் போடும். முக்கியமாக, இருபத்தாறு வருஷம் தன் அம்மாவை வாய்க்கு வந்தபடி பேசிய கூட்டம் எழுந்து நின்று "வாங்க கண்காணிப்பாளரே" என்று சொல்லும். அந்த ஒரு "வாங்க"வுக்காக வெலிமிர் எதையும் செய்யத் தயாராக இருந்தார். தன் கேப்டனைக் கல்யாணம் பண்ணிக்கொடுக்கவும் தயார்.

கேப்டன் என்பது சின்சில்லா. ஓர் அணிலும் முயலும் சேர்ந்து யாரோ பணக்காரியின் ரோமக்கோட்டைத் திருடிப் போட்டுக்கொண்டது போல இருக்கும். மகள் தியானா கால்நடை மருத்துவம் படிக்கிறாள். விடுதித் தோழி ஒருத்தி ஜெர்மனிக்குப் போகும்போது கையில் திணித்துவிட்டுப் போன பிராணியைக் கூண்டோடு வீட்டில் கொண்டுவந்து விட்டாள். அவள் கோட்டைக்கூடக் கழற்றுவதற்குள் வெலிமிர் அதைச் சமையலறை விளக்கடியில் தூக்கிப் பிடித்து, வாலை உயர்த்தி, ஒரு வினாடி பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"பையன்."

"அப்பா, இருங்க, நான் ஒருதடவை..."

"பையன்னா பையன். பேரு கேப்டன்."

அவளுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. போய்விட்டாள். அன்றிலிருந்து பதினாலு மாதம் அந்த வீட்டில் கேப்டன் ஆண்.

மண்டல நடுவர் குழுவின் தலைவர் போக்தான் ஸாவிஷின். கண்காணிப்பாளர் பட்டியலில் கையெழுத்துப் போடும் பேனா அவர் சட்டைப்பையில் இருந்தது. அவர் வீட்டிலும் ஒரு சின்சில்லா. பெயர் சீமாட்டி. அது தன் ரோமத்தைத் தானே கடித்துத் துப்பிக்கொண்டிருக்கிறது, துணை இல்லாத ஏக்கம் என்று அவர் மனைவி சொல்வதாகக் கேள்விப்பட்ட அன்றைக்கே வெலிமிர் தொலைபேசியை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு தலைவர் சீமாட்டியோடு வருவது, ஜோடி சரிப்பட்டால் கேப்டன் ஒரு மாதம் தலைவர் வீட்டு மாப்பிள்ளையாகப் போவது என்று முடிவாயிற்று. பட்டியல் புதன்கிழமை ஒட்டப்படும். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறதென்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்ட விஷயங்களை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

வெள்ளிக்கிழமை தியானா வந்தாள். இந்தமுறை கோட்டைக் கழற்றிவிட்டு, கேப்டனின் நெஞ்சுக்கடியில் ஒரு கையும் வால் மூட்டில் ஒரு கையும் கொடுத்து நிதானமாகப் பார்த்தாள்.

"அப்பா, கல்யாணத்த நிறுத்துங்க. இது பொண்ணு."

வெலிமிர் சூப்பில் ரொட்டியை நனைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "நான் பார்த்துட்டேன்."

"என்னத்தப் பார்த்தீங்க?"

"இருக்க வேண்டியது இருந்துச்சு."

"அது கூம்பு. பொண்ணுக்கும் இருக்கும். மூத்திரம் போறதுக்கு. அதப் பாத்துட்டுத்தான் ஊர்ல பாதிப்பேர் பையன்னு சொல்லிடறாங்க. கூம்பப் பாக்கக் கூடாதுப்பா. அதுக்கும் ஆசனவாய்க்கும் நடுவுல இருக்கிற இடைவெளியப் பாக்கணும். சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெறும் தோல் தெரிஞ்சா பையன். ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருந்தா பொண்ணு. இதுக்கு ஒரு மயிரிழை இடம்கூட இல்ல."

"சாப்பிடற எடத்துல என்ன பேச்சு இது" என்றார் வெலிமிர், ஏதோ அதுவரை மேஜையில் புனிதர்களின் வாழ்க்கை வரலாறு ஓடிக்கொண்டிருந்தது போல.

அவர் மனைவி தெஸாங்கா பாத்திரம் கழுவிக்கொண்டே திரும்பாமல் சொன்னாள்: "ஏ மனுஷா, மூணு மாசம் முழுக்க தியானாவையே பையன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச. வயித்துல இருக்கும்போது."

"அது டாக்டர் தப்பு."

"டாக்டர் வாயே தெறக்கல. நீதான் அந்த ஸ்கேன் படத்தப் பாத்துட்டு விசில் அடிச்ச."

சனிக்கிழமை வெலிமிர் மேல்முறையீட்டுக்குப் போனார். அதாவது பிஷ்டாவைக் கூப்பிட்டார். பிஷ்டா ஹங்கேரியர், பக்கத்துத் தெரு, பதினெட்டு வருஷம் வெலிமிரின் கொடி நடுவர். பந்து எங்கே போகிறதென்று அவர் பார்த்ததே இல்லை; வெலிமிரின் முகம் எங்கே போகிறதென்று பார்த்துக் கொடியைத் தூக்குவார். அந்த வகையில் அவரும் தப்பே செய்யாதவர்.

பிஷ்டா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கூண்டுக்கு முன்னால் குந்தினார். இரண்டு நாளாகத் தன் வாலுக்குக் கீழே இத்தனை பேர் காட்டும் அக்கறையைப் பொறுத்துக்கொண்டிருந்த கேப்டன் இப்போது பொறுக்கவில்லை. பின்னங்கால்களில் மனிதனைப் போல எழுந்து நின்று, குறிபார்த்து, ஒரே பீச்சலில் பிஷ்டாவின் மீசையை நனைத்தது.

பிஷ்டா முகத்தைத் துடைத்தார். வெலிமிரின் முகத்தைப் பார்த்தார். பிறகு கையைத் தூக்கினார்.

"ஆம்பளைதான் வெலியா! நின்னுக்கிட்டுல்ல அடிக்குது!"

"பாத்தியாம்மா?" என்றார் வெலிமிர் மகளிடம்.

"அப்பா, கடவுளே! கோவம் வந்தா நின்னு பீச்சறது பொண்ணுங்களோட பழக்கம். பையங்க பெரும்பாலும் அப்படிச் செய்ய மாட்டாங்க."

"எந்த வீட்லயும் அப்படித்தான்" என்றாள் தெஸாங்கா.

பிஷ்டா வாயைக் கொப்பளிக்க ராக்கியா என்கிற பழச்சாராயம் கேட்டார். ஒன்று கொப்பளிக்க, இரண்டு குடிக்க. போகும்போது வாசலில் நின்று, "ஆனா உன் பொண்ணு சொல்றதுலயும் ஒரு ஞாயம் இருக்கத்தான் செய்யுது" என்றார். அந்நேரம் அவர் தியானாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தியானா அப்பாவைத் தனியே பிடித்தாள். "நான் தலைவர்ட்ட ஒண்ணும் சொல்லப்போறதில்ல. உங்களுக்கு இந்தப் பதவி எவ்வளவு முக்கியம்னு தெரியும். ஆனா ரெண்டு பொண்ணுங்கள முன்னபின்ன தெரியாம ஒரே கூண்டுல போட்டா ஒண்ண ஒண்ணு கொதறிடும்ப்பா. காது போகும், கண்ணு போகும், சில சமயம் உயிரே போகும். அத மட்டும் யோசிங்க."

வெலிமிர் யோசித்தார். ஞாயிறு காலை எல்லோரும் தேவாலயத்துக்குப் போனபிறகு கேப்டனைக் குளியலறைக்குத் தூக்கிப்போய்க் கதவைத் தாழிட்டார். அது வழக்கமாக அங்கே ஒரு வாளிச் சாம்பல்மணலில் புரண்டு குளிக்கும். ஆகவே நல்ல மனநிலையில்தான் வந்தது. அவர் அதைத் துண்டில் பொதிந்து, ஜன்னல் வெளிச்சத்தில், மகள் சொன்ன இடத்தை விரலால் விலக்கிப் பார்த்தார். ஒரு வினாடி இல்லை. இரண்டு நிமிஷம். இருபத்தாறு வருஷத்தில் எந்த ஒன்றையும் அவர் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

இடைவெளி இல்லை. நகம் என்ன, நகத்தின் அழுக்குக்கூட நுழையாது.

"ஏண்டி, மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றார் கேப்டனிடம். அது அவருடைய சட்டைப் பொத்தானைக் கடித்துப் பார்த்தது.

போக்தான் ஸாவிஷின் மூன்று மணிக்கு வந்தார். கழுத்துப்பட்டை, கிளப் சின்னம் குத்திய கோட்டு, கையில் பட்டுத்துணி போர்த்திய கூண்டு. தேவாலயத்துக்குப் புனிதரின் எலும்பைக் கொண்டுவருகிறவரைப் போல அதைக் காப்பி மேஜையின் நட்டநடுவில் வைத்தார். தெஸாங்கா அவசர அவசரமாகத் தட்டுகளை நகர்த்தினாள். பிஷ்டாவும் வந்திருந்தார், கூப்பிடாமலே, தலைவர் வரும் வீட்டுக்கு நாலு பேர் இருந்தால் நல்லது என்று.

"ராக்கியா?"

"நான் குடிக்கிறதில்ல" என்ற தலைவர் குடித்தார். "நடுவர்னா ஒரு பார்வை இருக்கணும் விளாஷ்கலின். பார்வை பொறப்புலயே வர்றது. இந்தக் காலத்துப் பசங்க ஓடிப்போய்த் திரையில பாத்துட்டு வந்து தீர்ப்ப மாத்தறான். மாத்தறவன் நடுவரா? உன்கிட்ட எனக்குப் புடிச்சதே அதுதான். அந்த ஓட்டை கோல் குடுத்தப்பகூட நீ அசையல. அது கோலே இல்லன்னு எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், மைதானத்துல மேஞ்ச ஆட்டுக்குத் தெரியும். ஆனா நீ நின்ன. புதன்கிழமைப் பட்டியல்ல நிக்கிறவனுக்குத்தான் இடம்."

பதவி மேஜைமேல், உப்பு பிஸ்கட்டுக்குப் பக்கத்தில், கையெட்டும் தூரத்தில் இருந்தது.

தியானா பட்டுத்துணியை விலக்கினாள். "இவளுக்குத் தோல்ல ஏதும் புண் இருக்கான்னு பாக்கறேன் மாமா, ரோமம் கடிக்கிறாங்கறீங்களே" என்று சொல்லி சீமாட்டியைச் சமையலறைக்கு எடுத்துப் போனாள். ஒரு நிமிஷத்தில் உள்ளேயிருந்து "அப்பா, சக்கரை டப்பா எங்க?" என்று குரல் வந்தது. அந்த வீட்டில் அவருக்கு எதுவும் எங்கேயிருக்கிறதென்று தெரியாது. அதை அழைப்பு என்று புரிந்துகொண்டு உள்ளே போனார்.

அவள் சிரிப்பை உதட்டுக்குள் கடித்துக்கொண்டிருந்தாள். "அப்பா. இது பையன்."

"எது?"

"சீமாட்டி. பாருங்க, இடைவெளி. மாட்டு வண்டியே போகலாம்."

"அந்த ஆளு எப்படி..."

"ஆட்டுக்கிடாவுக்குத் தொங்கற மாதிரி ரெண்டு பை தொங்கும்னு தேடியிருப்பாரு. இதுங்களுக்கு அது வெளிய தொங்காது, உள்ளயே அடங்கியிருக்கும். காணோம்னதும் பொண்ணுன்னு முடிவு பண்ணிட்டாரு."

வெலிமிர் அடுப்பைப் பிடித்துக்கொண்டார். தன்னுடைய ஆண் பெண். தலைவருடைய பெண் ஆண். இரண்டு தப்பும் ஒன்றையொன்று தின்று தீர்த்து, ஏப்பம் விட்டு, கடைசியில் ஒரு முறையான ஜோடி மிச்சம். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்! பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் நாலு நாள் பழகவிட்டால் சண்டை இல்லை. குட்டி பிறக்க நாலு மாதம் ஆகும். அதற்குள் கண்காணிப்பாளர் குடையின் கீழ் எத்தனை கிடா வெந்து இறங்கியிருக்கும்.

"வாயத் தெறக்காத" என்றார்.

"நான் தெறக்கல. நீங்க தெறக்காதீங்க" என்றாள் மகள்.

திரும்பி வந்தபோது தலைவர் கேப்டனின் வாலைத் தூக்கிப் பார்த்து முடித்திருந்தார். "ஆமா, ஆம்பளைதான். சரியாச் சொல்லியிருக்க. ஆனா விளாஷ்கலின், ஆம்பளைய எந்த மடையனும் சொல்லிடுவான். நீட்டிக்கிட்டு இருக்கறதப் பாக்க நடுவர் எதுக்கு? பொண்ணச் சொல்றதுதான் கஷ்டம். இல்லாத ஒண்ணப் பாக்கணும்ல? அதுக்குத்தான் கண்ணு வேணும். சீமாட்டிய நான் இருட்டுலயே சொன்னேன். கடைக்காரன் அது பையன்னு சாதிச்சான். 'தம்பி, நான் நாப்பது வருஷம் ஆஃப்சைடு பாத்தவன்'னேன். வாய மூடிக்கிட்டான்."

வெலிமிர் ராக்கியாவைக் குடித்தார். உள்ளே அரித்தது. பொறுத்துக்கொண்டார்.

"நீ என்னம்மா படிக்கிற?" என்றார் தலைவர் தியானாவிடம்.

"கால்நடை மருத்துவம், ரெண்டாவது வருஷம்."

"படி, படி. வேண்டாங்கல. ஆனா இதெல்லாம் புஸ்தகத்துல வராது பாப்பா. இங்க வா, மாமா சொல்லித் தரேன். வாலத் தூக்கு. என்ன தெரியுது?"

தியானாவின் காது இரண்டும் சிவந்தன. அவள் அப்பாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு சீமாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைப் போல, "ஒண்ணும் தெரியல மாமா" என்றாள்.

"ஒண்ணும் தெரியலைல்ல? அதுதான் பொண்ணு!"

மகளுக்காகத்தான் அப்போது வாயைத் திறந்ததாக வெலிமிர் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார். அதில் கால் பங்கு உண்மை. மிச்சம் முக்கால் பங்கு அந்த அரிப்பு. தன் தப்பை ஒப்புக்கொள்ள ஒரு மனிதனுக்கு இந்த உலகத்தில் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த காரணம், எதிரே உட்கார்ந்திருப்பவனின் தப்பு அதைவிடப் பெரியதாக இருப்பது.

"தலைவரே," என்றார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "கேப்டன் பொண்ணு."

"என்னது?"

"நான் தப்பாச் சொல்லிட்டேன். கூம்பப் பாத்து ஏமாந்துட்டேன். பொண்ணு. என் பொண்ணு சொன்னா, நான் நம்பல. இன்னிக்குக் காலைல நானே பாத்தேன்."

தெஸாங்காவின் கையிலிருந்த கரண்டி விழுந்தது. இருபத்தெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் இப்படியொரு வாக்கியத்தை அவள் கேட்டதில்லை.

"ஆனா நீங்க கவலைப்படாதீங்க," என்று வெலிமிர் தொடர்ந்தார், இப்போது முகம் முழுக்கச் சிரிப்பாக, "உங்க சீமாட்டி ஆம்பள. ஜோடி சரியாத்தான் இருக்கு. நீங்க இல்லாத ஒண்ணப் பாத்தீங்கல்ல? அது இருக்கு, உள்ள இருக்கு. பாப்பா, மாமாவுக்கு அந்த இடைவெளியக் காட்டும்மா."

"தொடாதே!" தலைவர் எழுந்தார். "என் வீட்டுப் பொண்ண நான் சொல்றேன் பொண்ணுன்னு!" என்று சீமாட்டியைத் தியானாவின் கையிலிருந்து பறித்தார். பயந்த சின்சில்லாவை இறுக்கிப் பிடித்தால் அது பிடித்த இடத்து ரோமத்தை அப்படியே உதிர்த்துவிட்டு நழுவிவிடும். சீமாட்டியும் அப்படியே நழுவி சோபாவுக்கு அடியில் போயிற்று. தலைவரின் பிடியில் ஒரு கொத்து சாம்பல்நிற ரோமம் மட்டும் நின்றது. கோட்டுச் சின்னத்தில் கொஞ்சம், ராக்கியாக் கிண்ணத்தில் கொஞ்சம், தலைவரின் நாக்கில் கொஞ்சம்.

"தூ! பிஷ்டா! நீ கொடி நடுவர். சொல்லு. நீ என்ன பாத்த?"

பிஷ்டா எழுந்து நின்றார். வெலிமிரின் முகத்தைப் பார்த்தார். தலைவரின் முகத்தைப் பார்த்தார். தலைவரின் சட்டைப்பையில் பேனா இருந்தது.

"சீமாட்டி பொண்ணுதான் தலைவரே," என்றார் பிஷ்டா. "கேப்டன் ஆம்பளைதான். ரெண்டு தீர்ப்பும் நிக்குது."

"டேய் பிஷ்டா, நேத்து உன் மூஞ்சியில அடிச்சுதேடா!"

"நின்னுக்கிட்டு அடிச்சுது" என்றார் பிஷ்டா கண்ணியமாக.

சோபாவை நகர்த்தி, தியானா திராட்சை வற்றலைக் காட்டி சீமாட்டியை வெளியே வரவழைத்துக் கூண்டில் விட்டாள். தலைவர் பட்டுத்துணியைப் போர்த்திக்கொண்டு கிளம்பினார். படியிறங்கும்போது, "தீர்ப்ப மாத்தறவனுக்கு என் பட்டியல்ல இடமில்ல" என்றார். அதைச் சொல்லும்போதும் வாயிலிருந்து ஒரு ரோமத்தை எடுத்துக்கொண்டுதான் சொன்னார்.

கதவு சாத்தியதும் தெஸாங்கா கணவனுக்கு ஒரு தட்டில் ஆட்டுக்கறி வைத்து, கேட்காமலே இரண்டாவது துண்டும் வைத்தாள்.

"வருத்தமாப்பா?" என்றாள் தியானா.

"வருத்தந்தான்," என்றார் வெலிமிர். மென்றார். "ஆனா அந்த ஆளு மூஞ்சியப் பாத்தியா?"

செவ்வாய்க்கிழமை தலைவரின் மனைவி பேருந்தில் வந்து இறங்கினாள், கூடையில் கூண்டோடு. "அவருக்குத் தெரியாது" என்று தெஸாங்காவிடம் கூடையைக் கொடுத்தாள். "இது ஆம்பளைன்னு எனக்கு ஒரு வருஷமாத் தெரியும். அவர்ட்ட யாரு சொல்றது? வீட்ல ஒரு ஜீவனாவது சந்தோஷமா இருக்கட்டும்." காப்பி குடித்துவிட்டு நாலு மணிப் பேருந்தில் போய்விட்டாள். சீமாட்டியும் கேப்டனும் கம்பிகளுக்கு இரு பக்கமும் உட்கார்ந்து ஒன்றின் மூக்கை ஒன்று முகர்ந்தன. பெயர்களை யாரும் மாற்றவில்லை. அதுகளுக்கு அதில் எந்தக் குழப்பமும் இருந்ததாகத் தெரியவில்லை.

புதன்கிழமை பட்டியல் ஒட்டப்பட்டது. திசாக்கரைப் பிரிவுக்கான புதிய ஆட்டக் கண்காணிப்பாளர்: இஷ்த்வான் குர்த்தோஷ். அது யாரென்று ஊரில் பாதிப் பேருக்கு உடனே புரியவில்லை. பிஷ்டாவுக்கு ஒரு முழுப்பெயர் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு பருவத்தின் முதல் ஆட்டம். பிஷ்டா மேஜைக்குப் பின்னால் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். உள்ளூர் அணித்தலைவர் எழுந்து நின்று "வாங்க கண்காணிப்பாளரே" என்றதை வெலிமிர் தன் காதாலேயே கேட்டார். நுழைவாயிலில் வழக்கம்போல நடுவர்களுக்கான பக்கமாகப் போகத் திரும்பிய காலை இழுத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக வேலிக்கு வெளியே, சூரியகாந்தி விதை கொறித்துத் துப்பிக்கொண்டிருந்த கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றார். பக்கத்தில் நின்ற லாரிக்காரன் அவரை அடையாளம் கண்டு, கொஞ்சம் சங்கடப்பட்டு, கையிலிருந்த பொட்டலத்தை நீட்டினான். வெலிமிர் ஒரு கை விதை எடுத்துக்கொண்டார்.

பதினோராவது நிமிஷம். இளைஞனான நடுவன் ஒரு ஃபவுலைக் கொடுக்காமல் விட்டான். அவன் பிஷ்டாவைப் பார்த்தான். பிஷ்டா அவனைப் பார்த்தார்.

வெலிமிருக்குள் எங்கிருந்தோ ஒரு குரல் கிளம்பியது. அது நடுவனின் அம்மாவில் தொடங்கி, பிறந்த கட்டிலைத் தொட்டு, ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார் வழியாகக் கண்காணிப்பாளரின் குடையில் போய் முடிந்தது. ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை. மைதானமே திரும்பிப் பார்த்தது. லாரிக்காரன் வாயிலிருந்த விதையைத் துப்பவும் மறந்து நின்றான்.

"ஐயோ மாமா," என்றான் மரியாதையாக, "இத்தனை வருஷம் அந்தப் பக்கம் நின்னு வீணாக்கிட்டீங்களே!"